மேட்டில் ஒரு விரிசல், திரையில் ஒரு வால்நட்சத்திரம்: ஏற்காட்டு மலையூரில் ஒரு திரையிடல், ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டு மலைச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் ஒரு அக்கா விரிசலை முதலில் பார்த்தது 2024 அக்டோபர் கடைசியில். காப்பித் தோட்டத்தின் மேல்வரப்பில், இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தது. விரல் உள்ளே போகும் அகலம், ஏழெட்டு அடி நீளம். குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறார், முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் வந்து பார்த்துவிட்டு, நாலு கூடை மண்ணை அள்ளிப்போட்டு மிதித்துவிட்டுப் போனார். டிசம்பர் 1 இரவு அந்த மேடு அப்படியே இறங்கி வந்தது. காப்பி காயவைக்கும் களமும் மாட்டுக் கொட்டகையும் போயின, ஒரு மாடு செத்தது. மழை விடாமல் அடிக்கிறதே என்று பயந்து, அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போயிருந்ததால் ஆட்கள் தப்பித்தார்கள்.

இது எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. அந்த வாரம் அதைவிடப் பெரிய இழப்புகள் இருந்தன. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்புறம் வேகமாகக் கலைந்து போகாமல் மெல்ல நகர்ந்து உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையிலும் மண் சரிந்து வண்டிகள் நின்றன.

நான் ஏற்காட்டு மலையில் எட்டு வருடம் புவியியல் ஆசிரியராக இருந்தவன். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். நண்பர்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு படம் பார்த்துப் பேசுவோம். 2025 பிப்ரவரியில் அந்த மாதத்துப் படத்தை மேலே கொண்டுபோய், நாகலூர் பக்கம் இருக்கும் அந்தச் சிற்றூரிலேயே போடலாம் என்று முடிவு செய்தோம். ஊர்ப் பெயரை அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அன்றைக்கு நடந்ததையும், அதன் பிறகு நடந்ததையும் இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஏன் இந்தப் படம்

ஆடம் மெக்கே இயக்கிய 'டோன்ட் லுக் அப்' 2021 டிசம்பரில் வெளியானது. 138 நிமிடம். கேட் டிபியாஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிறாள். அவளுடைய பேராசிரியர் ராண்டல் மிண்டி கணக்குப் போடுகிறார்: ஆறு மாதம் பதினான்கு நாளில் அது பூமியில் மோதும். ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் அகலம். விழுந்தால் மனித இனமே மிஞ்சாது. இரண்டு பேரும் அமெரிக்க அதிபரிடம் போய்ச் சொல்கிறார்கள். அதிபருக்கு இடைக்காலத் தேர்தல் கவலை, உச்ச நீதிமன்றத்துக்கு அவர் நியமிக்கப் பார்த்த ஆளைப் பற்றிய அசிங்கம் வெளியே வந்துவிட்ட கவலை. சரி, அமைதியாக இருந்து கவனிப்போம் என்று அனுப்பிவிடுகிறார். தொலைக்காட்சிக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பாடகியின் காதல் முறிவுதான் அன்றைய பெரிய செய்தி. உலகம் அழியப்போகிறது என்று கேட் கத்தியதும், அவள் முகத்தை வெட்டி ஒட்டி நாடு முழுக்கக் கிண்டல் செய்கிறார்கள். மிண்டி பார்க்க லட்சணமாக இருக்கிறார் என்பதால் அவரை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

மெக்கே இதைப் பருவநிலை மாற்றத்தை மனதில் வைத்து எழுதினார். படம் பற்றிய அறிவிப்பு 2019 நவம்பரிலேயே வந்துவிட்டது, அதாவது கொரோனாவுக்கு முன்னால். ஆனால் வெளியானபோது பார்த்தவர்களுக்கு அது கொரோனாவைப் பற்றியும் சொல்வதாகத் தோன்றியது. நல்ல அங்கதத்துக்கு அந்தச் சக்தி உண்டு. எதை வைத்து எழுதினாலும் அவரவர் ஊரில் நடந்ததுதான் அவரவர் கண்ணுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் இதை ஏற்காட்டுக்கு எடுத்துப் போனேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மாதம் நிஜமாகவே ஒரு சிறுகோள் செய்தியில் இருந்தது. 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடிக்கப்பட்ட '2024 ஒய்.ஆர். 4'. அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று பிப்ரவரி முழுக்கப் பேச்சு. பிப்ரவரி 18 அன்று அந்த வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. கூடுதலாக அளந்து பார்த்ததும் மளமளவென்று சரிந்து, மாதம் முடிவதற்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆனது. நான் படம் பற்றிச் சொல்ல ஊருக்குப் போனபோது, ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "சார், 2032ல ஒண்ணு விழுதாமே, நெசமா?" தேதி வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு டிசம்பரில் எத்தனை அடி இறங்கியது என்று திருப்பிக் கேட்டேன். தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சிறுகோளை அளக்க உலகம் முழுக்கத் தொலைநோக்கிகள் இருக்கின்றன, தினம் ஒரு எண் வெளியே வருகிறது. அவர் வீட்டு மேட்டை அளக்க யாரும் இல்லை.

அந்த மலையும் அந்த மண்ணும்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அடிப்படைப் பாறை சார்னோகைட். கெட்டியான, லேசில் அசையாத பாறை. ஆனால் மேலே இருப்பது அது இல்லை. கோடிக்கணக்கான வருடம் வெயிலிலும் மழையிலும் ஊறி, பாறை சிதைந்து உண்டான செம்மண் பல இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் படிந்திருக்கிறது. மலையின் தலைமாட்டில் அது இன்னும் முற்றிப் பாக்சைட்டாக, அதாவது அலுமினியத் தாதுவாக, ஆகியிருக்கிறது. மரமும் வேரும் இருக்கும் வரை இந்த மண் நிற்கும். ரோட்டுக்காகவோ வீட்டுக்காகவோ சரிவின் அடியை வெட்டினாலோ, மேலே தண்ணீர் போகும் ஓடையை மூடினாலோ, மண்ணுக்குள் இறங்கும் நீருக்கு வெளியே போக வழி இருக்காது. உள்ளே தேங்கிய நீர் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவிடும். கெட்டிப் பாறைமேல் ஊறிய மண் வழுக்கும்.

மண்சரிவு வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. தரையில் பிறை வடிவில் விரிசல் விடும். மரமும் மின்கம்பமும் சாயும். நேற்றுவரை திறந்த கதவு இன்றைக்கு இழுத்துப் பிடிக்கும். இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும், தெளிந்த ஓடைத் தண்ணீர் திடீரென்று சிவக்கும். இதை நான் வகுப்பில் கரும்பலகையில் படம் வரைந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஒரு மேட்டைக்கூடக் காட்டியதில்லை. பாடத்திட்டம் முடிக்க வேண்டியிருந்தது. இது என் பங்கு, இதையும் பதிவு செய்ய வேண்டும்.

திரையிட்ட இரவு

ஊர்ப் பொதுக்கூடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிப் புரொஜெக்டரை வைத்தோம். பெரியவர்களுக்கு மட்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன், படத்தில் கொச்சைப் பேச்சு நிறைய உண்டு. 26 பேர் வந்தார்கள். காப்பிப் பறிப்பு ஏறக்குறைய முடிந்து மிளகு தொடங்கும் நேரம், அதனால்தான் அத்தனை பேராவது வர முடிந்தது. குளிருக்கு எல்லோரும் சால்வையும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஆங்கிலம் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி நான் தமிழில் சொன்னேன். அது படத்தின் ஓட்டத்தைக் கெடுத்தது என்று சேலத்து நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள், அந்தப் பேச்சுக்காகத்தான் போனோம்.

எந்தக் காட்சி அவர்களைப் பிடித்து இழுக்கும் என்று நான் நினைத்திருந்தது வேறு. பிடித்து இழுத்தது ஒரு சின்னக் காட்சி. அதிபரைப் பார்க்க வெள்ளை மாளிகையில் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒரு ராணுவ அதிகாரி நொறுக்குத்தீனியும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறார். பிறகுதான் அந்த மாணவிக்குத் தெரிகிறது, அங்கே அதெல்லாம் இலவசம். உலகம் அழியும் நாள் நெருங்க நெருங்க அவளுக்கு அது விளங்கவே இல்லை. அவர் எதற்குக் காசு வாங்கினார்? படம் முழுக்க அவள் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நின்றது. பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி சொன்னார்: "சும்மா கெடைக்கறதுக்குக் காசு வாங்கறவன் அந்த நேரத்துலயும் வாங்கறான் பாரு சாமி. அந்தப் புள்ளைக்கு அதுதான் ஆறல."

பாட்டி சொன்னது எனக்குப் பல விமர்சனங்களைவிட நன்றாகப் புரிந்தது. ஆபத்து வந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்று கேட் நம்புகிறாள். வால்நட்சத்திரத்தைவிட அந்த நம்பிக்கை உடைந்ததுதான் அவளை அதிகம் வாட்டுகிறது. அந்த அதிகாரிக்கு அவசரமும் இல்லை, ஏழ்மையும் இல்லை. பழக்கம் மட்டும்தான். ஒரு சமூகத்துக்கு எது முந்தி, எது பிந்தி என்பது பெரிய முடிவுகளில் மட்டும் தெரிவதில்லை. யாரும் கவனிக்காத இப்படிப்பட்ட சின்னக் கொடுக்கல் வாங்கலில் தெரிகிறது.

அடுத்ததாக அவர்களை உலுக்கியது ராக்கெட் திரும்பும் காட்சி. வால்நட்சத்திரத்தை அணுகுண்டால் திசைதிருப்பப் புறப்பட்ட ராக்கெட்டுகளை நடுவழியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். காரணம், அதிபரின் கட்சிக்குப் பணம் கொடுக்கும் தொழில்நுட்ப முதலாளி ஒருவர், அந்தக் கல்லில் லட்சம் கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள கனிமம் இருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டார். உடைத்துத் துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளலாம் என்கிறார். நான் நிறுத்தி விளக்குவதற்கு முன்பே எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். "கல்லுல காசு இருக்குதுன்னு சொல்லிட்டாங்களா? அவ்வளவுதான், இனி நிக்காது. எங்க மலையில பார்த்திருக்கறோம்." சேர்வராயன் மலையின் பாக்சைட் வெட்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன காலத்தை அவர் இளைஞராக இருந்து பார்த்தவர். மலையடிவாரத்தில் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களும் அவருக்குத் தெரியும். கீழே நின்று பார்த்தால் அந்த வெள்ளைத் தழும்பு இன்றைக்கும் தெரிகிறது.

நடுவே கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இல்லை. அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பேசினோம். படம் முடிந்ததும் நான் எழுதி வாங்கிய சீட்டுகளில் வந்த பாதி விஷயம் அந்த இருட்டில்தான் முதலில் வெளியே வந்தது.

கடைசியில் மிண்டியின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் காட்சி. எல்லா முயற்சியும் தோற்ற பிறகு குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கடையில் வாங்கிய காப்பியா, அரைத்துப் போட்டதா என்று பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் நம்மிடம் எல்லாமே இருந்ததே என்ற பொருளில் மிண்டி ஒரு வார்த்தை சொல்கிறார். சுவர்கள் அதிர ஆரம்பிக்கின்றன. அங்கே நான் நிறுத்தவில்லை, மொழிபெயர்க்கவும் இல்லை. யாருக்கும் தேவைப்படவில்லை. விரிசலைப் பார்த்த அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் வரும் வேற்றுக்கிரகக் காட்சியை நான் போடவில்லை. அந்த மேசையோடு முடிந்தால் போதும் என்பது என் எண்ணம்.

சீட்டுகள்

படம் முடிந்ததும் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தேன். இரண்டே கேள்வி. டிசம்பர் மழைக்கு முன்னால் உங்கள் கண்ணில் பட்டது என்ன? அன்றைக்கு உங்களுக்கு அதைவிட முந்தியாக இருந்த வேலை என்ன? பெயர் எழுத வேண்டாம் என்றேன். எழுதத் தெரியாதவர்களுக்குக் கல்லூரிப் பெண்கள் இருவர் எழுதிக் கொடுத்தார்கள். 19 சீட்டு வந்தது. அதில் நான்கில் எதையும் பார்க்கவில்லை என்று இருந்தது. மீதி 15 பேரும் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பெயர் வேண்டாம் என்று சொல்லியும், தன்னுடையது இதுதான் என்று சிலர் வாயாலேயே சொன்னார்கள். விரிசலைப் பார்த்த அக்காவின் சீட்டில் இப்படி இருந்தது: "பழம் பழுத்து உதிர ஆரம்பித்தது. ஆள் கிடைக்கவில்லை. நான் தான் பறிக்க வேண்டும்." அது எந்த வருடம் என்று பாருங்கள். உலகச் சந்தையில் அரபிகா காப்பியின் விலை 2024 டிசம்பரில் 1977க்குப் பிறகு காணாத உயரத்துக்குப் போனது. பல வருடம் விலையில்லாமல் காப்பியைக் கட்டி அழுத குடும்பத்துக்கு ஒரு வருடம் நல்ல விலை வருகிறது. பழத்தை உதிரவிட்டுவிட்டு விரிசலைப் பற்றிச் சொல்ல எந்த அலுவலகத்துக்குப் போவார்? ஒரு நாள் பஸ் ஏறிப் போய் வந்தால் ஒரு நாள் பறிப்பு போச்சு.

ஜீப் ஓட்டும் தம்பி, ஒரு வளைவுக்கு மேலே மரத்தின் வேர் காற்றில் தொங்குவதைத் தினமும் பார்த்திருக்கிறார். முந்தியாக இருந்தது, வண்டியின் மாதத் தவணை. சனி ஞாயிறு சுற்றுலாக்காரர்கள் வந்தால்தான் அது கட்ட முடியும். "வழி அபாயம்னு நானே சொன்னா யார் சார் மேல வருவாங்க?" என்று கேட்டார்.

தங்கும் அறைகள் வாடகைக்கு விடும் ஒருவர் எழுதியதைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று, அவர் தாத்தா காலத்துக் கல்கட்டைப் பிரித்து மேட்டை வெட்டியிருக்கிறார். அந்தக் கல்கட்டு சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டியது, தண்ணீர் அதன் இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். அதற்குப் பதில் சிமெண்டுச் சுவர் எழுப்பினார், தண்ணீர் வர ஓட்டை விடவில்லை. அக்கா வீட்டு மேடு இறங்கியதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவரே எழுதியிருந்தார். அத்தனை பேர் நடுவில் அதை ஒப்புக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும். படத்தில் வரும் எந்தப் பெரிய மனிதருக்கும் அது இல்லை.

கல்லூரிப் பெண் ஒருத்தி, சரிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஓடைத் தண்ணீர் சிவந்து வந்ததைக் கவனித்திருக்கிறாள். செமஸ்டர் தேர்வு இருந்தது. "சொன்னாலும் உனக்கு என்ன தெரியும் என்பார்கள்" என்று அடுத்த வரி.

பெரியவர், அதாவது பாக்சைட் லாரிகளைப் பார்த்தவர், எல்லோரையும்விட ஒரு படி மேலே போயிருந்தார். அவர் சொல்லியிருக்கிறார், அதுவும் பொதுவில். அக்டோபர் 2 கிராம சபையில், மேல்பக்கத்து ஓடை அடைபட்டுக் கிடக்கிறது, தண்ணீர் வேறு பக்கம் இறங்குகிறது என்று எழுந்து பேசப் பார்த்தார். வரிசைப்படி வரட்டும், கடைசியில் சொல்லலாம் என்றார்கள். கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் சத்தம் போட்டார். யாரோ அதைச் செல்போனில் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட, 'கத்துற தாத்தா' என்ற பெயர் வந்துவிட்டது. கேட் கத்தும் காட்சியையும், அதை வைத்து நாடே கேலி செய்யும் காட்சியையும் நான் விளக்கியபோது, கூடத்தில் இரண்டு மூன்று பையன்கள் தலையைக் குனிந்துகொண்டது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படம் முடிந்து போகும்போது அவர்களில் ஒருவன் பெரியவரின் டார்ச்சை வாங்கி, முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டே அவரை வீடு வரை கொண்டுபோய் விட்டான்.

படம் சொன்னது, சொல்லாமல் விட்டது

மேல்மட்டத்தைப் பற்றி இந்தப் படம் சொல்வது சரி. அதிபர் முதலில் வால்நட்சத்திரத்தை மறுக்கவே இல்லை, வரிசையில் பின்னால் தள்ளினார். தேர்தலுக்குப் பின்னால், பாடகிக்குப் பின்னால், கனிமத்துக்குப் பின்னால். மறுப்பு பிறகு வருகிறது, மேலே பார்க்காதே என்ற முழக்கமாக. வெறும் கண்ணுக்கே வால்நட்சத்திரம் தெரிந்த பிறகு எழும் முழக்கம் அது. முதலில் தள்ளிப்போடுவது, தள்ளிப்போட்டதை நியாயப்படுத்த அப்புறம் மறுப்பது. இந்த வரிசையைப் படம் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. நாலு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்த படம்தான், ஆனால் நீளம் அதிகம், நடுவில் தொய்கிறது, சத்தமும் ஜாஸ்தி. இருந்தாலும் இந்த ஒன்றுக்காகத் திரும்பப் பார்க்கலாம்.

செய்ய முடியாததால் விட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. படத்தில் வரும் கோள் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அலுவலகம் நாசாவில் 2016 முதல் நிஜமாகவே இருக்கிறது. படம் வந்து ஒன்பது மாதத்தில், 2022 செப்டம்பர் 26 அன்று, நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி, அது இன்னொரு பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்துக் காட்டியது. வானத்துக் கல்லையே தள்ளத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஊரில் தேவைப்பட்டதோ ஒரு ஓடையைத் தூர்வாருவது, ஒரு சுவரில் நாலு ஓட்டை விடுவது.

ஆனால் கீழ்மட்டத்தைப் படம் தூரத்திலிருந்துதான் பார்க்கிறது. அதில் சாதாரண ஜனங்கள் ஒரு கூட்டம். கைபேசியைப் பார்க்கிறார்கள், முழக்கம் போடுகிறார்கள், ஏமாறுகிறார்கள். என் கையில் இருந்த 15 சீட்டில் அப்படி ஒருவர்கூட இல்லை. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். முந்தியாக இருந்தது எதுவும் அற்பமும் இல்லை. பழுத்த பழம், வண்டித் தவணை, தேர்வு. அதிபர் தள்ளிப்போட்டது அவருடைய விருப்பம். அக்கா தள்ளிப்போட்டது வேறு வழி இல்லாததால். இரண்டையும் 'சமூகத்தின் அலட்சியம்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது அநியாயம். எதை முந்தி வைப்பது என்று தீர்மானிக்க ஒருவருக்கு முதலில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், போக ஒரு இடம் வேண்டும், போனால் கேட்க ஒரு ஆள் வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவர்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று நானே பல மேடைகளில் பேசியிருக்கிறேன். இனி பேச மாட்டேன்.

அப்புறம் நடந்தது

அன்றிரவே ஒரு காரியம் நடந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077 என்று சொன்னபோது, கூடத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பையன்கள் அதைக் கரியால் கூடத்துச் சுவரிலேயே எழுதினார்கள்.

மார்ச்சில் மறுபடி போனேன். மழை அளக்க ஏழு வீட்டில் நேர்ச்சுவருள்ள பிளாஸ்டிக் டப்பாவை வைத்து அளவுகோல் ஒட்டினோம். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் குழுவில் எழுத வேண்டும். ஜூன் வரை விடாமல் எழுதியது மூன்று வீடு. மற்ற நாலில் ஒன்றை மாடு மிதித்துவிட்டது, இரண்டு வீட்டில் வேலை நெருக்கடி, ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மூன்று வீடாவது நிற்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிது. மேட்டுக்கு நேர்கீழே இருக்கும் வீடுகள் எவை, பெருமழை இரவில் அவர்கள் யார் வீட்டில் போய்ப் படுப்பது என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். டிசம்பரில் அக்கா குடும்பத்தின் உயிரைக் காத்தது அவர்கள் தற்செயலாக இப்படிச் செய்ததுதான், அதை முறையாக்கினார்கள்.

அறைகள் வாடகைக்கு விடுபவர் தன் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகினார். கார் நிறுத்தும் இடம் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை, கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

மே 1 கிராம சபையில் பெரியவரை முதலில் பேசவிட வேண்டும் என்று அந்தப் பையன்களே கூட்டம் தொடங்கும் முன் போய் உட்கார்ந்து கேட்டார்கள். பேசவிட்டார்கள். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. ஓடையைத் தூர்வாரத் தீர்மானம் எழுதப்பட்டது. இதை எழுதும்வரை வேலை தொடங்கவில்லை. ஆனால் பாதி தூரத்தை ஊர்க்காரர்களே இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய் வெட்டிவிட்டார்கள்.

சரிந்த இடத்துக்கு மேலே இப்போது இன்னொரு விரிசல் இருக்கிறது. சின்னது. அதன் இரண்டு பக்கமும் அக்கா ஒரு முளைக்குச்சி அடித்திருக்கிறார். நான் சொன்னது அவ்வளவுதான், வாரம் ஒரு நாள் குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே அளந்து எழுதி வையுங்கள் என்று. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில், காப்பிக் காட்டுக்குப் போகும் முன்னால், அளக்கிறார். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறிக்கிறார். போன வாரம் போன் செய்தார்.

"சார், நாப்பத்தி ரெண்டு. அதே நாப்பத்தி ரெண்டுதான் இருக்குதுங்க. ஆனா ராத்திரி நல்ல மழை. நாளைக்கும் ஒருக்கா அளந்து பாத்துடறேன்."